சண்டைக்கு வெளியே காட்டிய வீரம்: போர்க்கால விமானப்படை விருதுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் விமானிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, எத்தனை எதிரி விமானங்களைச் சுட்டார்கள் என்ற கணக்கில்தான் போய் நிற்கும். எதிரியைச் சுடாமலே உயர்ந்த விருது வாங்கியவர்களும் உண்டு என்று சொன்னால், உடனே சந்தேகங்கள் வரிசை கட்டும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டன், கனடா விமானப்படைகளைப் பற்றியது. அமெரிக்காவும் இந்தியாவும் பின்பாதியில் வரும்.

சண்டையே போடாமல் வீரப் பதக்கமா? அதெப்படி?

போர்க்கால விமானத் தளம் ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் பெட்ரோல், இன்னொரு பக்கம் குண்டுகள். இரவில் விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு, தூங்காத விமானிகள் பழுதான விமானங்களைத் தரையிறக்குகிறார்கள். எதிரி நூறு மைலுக்கு அப்பால் இருந்தாலும் சாவு ஓடுதளத்தின் ஓரத்திலேயே நிற்கும். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களில் 8,000க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்துகளிலும் போனவர்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் எரியும் விமானத்துக்குள் புகுந்து ஆளை இழுத்து வருவது, வெடிக்காத குண்டின் மூக்கைத் திருகுவது, சிறைமுகாமில் சித்திரவதையைத் தாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது, இவையெல்லாம்தான் சண்டைக்கு வெளியே காட்டிய வீரம்.

ஜார்ஜ் கிராஸ், ஜார்ஜ் கிராஸ் என்கிறார்களே, அது எப்போது வந்தது?

1940 செப்டம்பர் 24 தேதியிட்ட ஆணை மூலம் மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஏற்படுத்தினார். லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் இரவுதோறும் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம். தீயணைப்பவர்கள், குண்டு அகற்றுபவர்கள், இடிபாட்டில் ஆள் தேடுபவர்கள் எனத் துப்பாக்கி ஏந்தாதவர்கள் காட்டிய துணிச்சலுக்குப் பொருத்தமான உயர்ந்த விருது அப்போது இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இது. பொதுமக்களுக்கும் உண்டு, படையினருக்கும் உண்டு. படையினர் என்றால், அவர்கள் செய்த செயல் வழக்கமான போர் விருதுகளுக்குள் அடங்காததாக இருக்க வேண்டும்.

வெள்ளிச் சிலுவை, நடுவில் டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ், கருநீல நாடா. கூடவே ஜார்ஜ் மெடல் என்று அடுத்த நிலை விருதும் வந்தது.

அது விக்டோரியா கிராஸுக்கு ஒரு படி கீழேதானே?

இல்லை. அணியும் வரிசையில் விக்டோரியா கிராஸ் முதலில் வரும், ஜார்ஜ் கிராஸ் அடுத்து வரும். ஆனால் மதிப்பில் இரண்டும் சமம் என்றே வைத்திருக்கிறார்கள். ஒன்று எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு, மற்றது அப்படி இல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு. ‘இரண்டாம் பரிசு’ என்று நினைப்பவர்கள் கீழே வரும் ஆட்களைப் பற்றிப் படித்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

விமானப்படையில் இதை வாங்கிய ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

டாஃப்னி பியர்சன். பிரிட்டிஷ் விமானப்படையின் மகளிர் பிரிவில் கார்ப்பரல். மருத்துவ உதவியாளர் வேலை. கென்ட் பகுதியில் டெட்லிங் தளம். 1940 மே 31, நள்ளிரவு தாண்டி ஒரு ஆன்சன் விமானம் தளத்தருகே விழுந்து தீப்பிடித்தது. பியர்சன் எழுந்து ஓடினார். விமானியின் வாரைக் கழற்றி, அவரை வெளியே கொண்டுவர உதவினார். சுமார் 30 கஜம் வந்ததும் உள்ளே குண்டுகள் இருக்கின்றன என்று விமானி சொன்னார். பியர்சன் அவர் மேலேயே படுத்துத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டார். அந்தக் கணமே 120 பவுண்டு குண்டு ஒன்று வெடித்தது. அதோடு அவர் நிற்கவில்லை. விமானியைத் தூக்கி அனுப்பிவிட்டு, வயர்லெஸ் ஆளைத் தேடி மறுபடியும் விமானத்துக்கே போனார். அந்த ஆள் இறந்திருந்தார்.

பிறகு நடந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. ஓவியர் லாரா நைட் பியர்சனை வரைந்தபோது முதலில் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். மகளிர் பிரிவினர் ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது விதி. அதனால் துப்பாக்கியை அழித்து, வாயு முகமூடியைக் கையில் வைத்து வரைய வேண்டியதாயிற்று. அந்த ஓவியம் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போருக்குப் பிறகு பியர்சன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து 2000ஆம் ஆண்டு அங்கேயே காலமானார்.

மே மாதம் நடந்ததற்கு செப்டம்பரில் வந்த விருது எப்படிக் கிடைத்தது? தேதி இடிக்கிறதே?

நல்ல கேள்வி. பியர்சனுக்கு முதலில் கிடைத்தது எம்பயர் கேலன்ட்ரி மெடல் என்ற பழைய பதக்கம். 1922இல் தொடங்கியது அது. ஜார்ஜ் கிராஸ் வந்ததும் அதை நிறுத்திவிட்டு, உயிரோடிருந்தவர்களிடம் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். அதனால்தான் 1920களில் நடந்த சம்பவங்களுக்குக்கூட ஜார்ஜ் கிராஸ் வாங்கியவர்கள் என்று சிலர் பட்டியலில் இருக்கிறார்கள்.

போர்முனைக்கே போகாத பயிற்சி மாணவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்களா?

கொடுத்திருக்கிறார்கள். கனடாவில் காமன்வெல்த் நாடுகளுக்காக நடந்த பயிற்சித் திட்டத்தில் 1,31,000 பேருக்கு மேல் தேறி வந்தார்கள். விபத்துகளுக்கும் பஞ்சமில்லை.

கார்ல் கிராவெல் வயர்லெஸ் பயிற்சியில் இருந்தவர். 1941 நவம்பர் 10 அன்று அல்பெர்டாவில் கல்கரிக்குப் பக்கத்தில் அவர் பறந்த டைகர் மாத் பயிற்சி விமானம் விழுந்தது. ஒரு கண் போய்விட்டது, உடையில் தீ. எப்படியோ வெளியே வந்துவிட்டார். விமானி உள்ளே இருப்பதைப் பார்த்ததும் எரியும் உடையோடு திரும்பிப் போனார். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை பிரான்சஸ் வால்ஷ் ஓடிவந்து அவரை இழுத்து, தரையில் உருட்டித் தீயை அணைத்தார். கிராவெல் பிழைக்கவில்லை. முதலில் தன் உடைத் தீயை அணைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று விருதுக் குறிப்பே சொல்கிறது. அவருக்கு ஜார்ஜ் கிராஸ், ஆசிரியைக்கு ஜார்ஜ் மெடல்.

கென்னத் ஸ்பூனர் கதை வேறு மாதிரி. 1943 மே 14, ஒன்டாரியோவில் பயிற்சிப் பறப்பு. விமானி மயங்கிவிட்டார். ஸ்பூனருக்கு விமானம் ஓட்டத் தெரியாது, வழிகாட்டல், அதாவது பறக்கும் பாதையைக் கணிக்கும் வேலை, படித்துக்கொண்டிருந்தவர். மற்றவர்களைப் பாராசூட்டில் குதிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் குதிக்கும்வரை விமானத்தைத் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். விமானம் ஈரி ஏரியில் விழுந்தது, ஸ்பூனர் பிழைக்கவில்லை. அவருக்கும் ஜார்ஜ் கிராஸ்.

அதிகாரிக்குப் பெரிய பதக்கம், சாதாரண ஆளுக்குச் சின்னப் பதக்கம். இதுதானே நடந்திருக்கும்?

விதிப்படி ஜார்ஜ் கிராஸுக்குப் பதவி பேதம் கிடையாது. மேலே சொன்ன மூவருமே அடிமட்டத்தில் இருந்தவர்கள்தாம். ஆனால் சந்தேகம் வருவதற்கு இடம் கொடுக்கும் சம்பவங்கள் உண்டு.

1944 ஜூன் 28, யார்க்‌ஷயரில் தோல்தோர்ப் தளம். மூன்று இன்ஜினோடு திரும்பிய ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்று, குண்டுகள் நிரப்பி நிறுத்தியிருந்த இன்னொரு ஹாலிஃபாக்ஸில் மோதியது. அந்தத் தளங்களுக்குப் பொறுப்பான கனடிய ஏர் கமடோர் டுவைட் ராஸ் அங்கே இருந்தார். கார்ப்பரல் ஒருவரோடு சேர்ந்து விமானியை வெளியே இழுத்தார். பத்து 500 பவுண்டு குண்டுகள் வெடித்து அவர்களைத் தரையில் தள்ளின. சத்தம் அடங்கியதும் வால்பகுதித் துப்பாக்கி மேடையிலிருந்து அலறல் கேட்டது. ராஸ் கோடாரியால் கண்ணாடியை வெட்டினார். உள்ளே சிக்கியவரிடமே கோடாரியைக் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கச் சொன்னார். அவரை வெளியே எடுத்த நேரத்தில் இன்னொரு குண்டு வெடித்தது. ராஸின் ஒரு கை மணிக்கட்டுக்கு மேலே துண்டாகும் நிலை. ஆம்புலன்ஸுக்குத் தானே நடந்து போனார், கையை எடுத்துவிட்டார்கள்.

ராஸுக்கு ஜார்ஜ் கிராஸ். கூட நின்றவர்களுக்கு ஜார்ஜ் மெடலும் அதற்கடுத்த பிரிட்டிஷ் எம்பயர் மெடலும். கை இழந்தவர், முன்னால் நின்று வழிநடத்தியவர் என்ற காரணம் சொல்லலாம். ஆனாலும் அதே தீக்குள் நின்ற அந்தக் கார்ப்பரலுக்கு இன்னும் பெரியதாகக் கொடுத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மினார்ஸ்கியும் சக வீரரைக் காப்பாற்றத்தானே தீக்குள் போனார்? அவருக்கு மட்டும் ஏன் விக்டோரியா கிராஸ்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆண்ட்ரூ மினார்ஸ்கி கனடாவின் 419வது ஸ்க்வாட்ரன் என்ற விமானப் பிரிவைச் சேர்ந்தவர். 1944 ஜூன் 13 அதிகாலை, பிரான்சின் கம்ப்ரே நகரை நோக்கிப் போன லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை ஜெர்மன் இரவுப் போர்விமானம் தாக்கியது. எல்லாரும் குதிக்க வேண்டும். பின்பகுதி மேடையில் பேட் பிராஃபி சிக்கிக்கொண்டார். மினார்ஸ்கி தீக்குள் போய் கோடாரியாலும் பிறகு வெறும் கையாலும் போராடினார். உடையும் பாராசூட்டும் எரியத் தொடங்கின. போய்விடு என்று பிராஃபி சைகை காட்டினார். மினார்ஸ்கி பின்னோக்கி நகர்ந்து, சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீக்காயத்தால் இறந்தார். விமானம் விழுந்தபோது பிராஃபி தூக்கியெறியப்பட்டுப் பிழைத்ததால்தான் இந்தக் கதையே வெளியே வந்தது.

தீ வைத்தது எதிரி, தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே நடந்த செயல். அதனால் விக்டோரியா கிராஸ். 20,000 அடி உயரத்தில் தீயணைப்பானோடு இறக்கைமேல் ஏறிய நார்மன் ஜாக்சனுக்கும் அதே கணக்கு. கிராவெலின் விமானம் விபத்தில் எரிந்தது, எனவே ஜார்ஜ் கிராஸ். சரி, இதுவரை கோடு தெளிவாக இருக்கிறது. அடுத்த கேள்வியில் கலங்கிவிடும்.

எதிரி சுட்டு வீழ்த்தியும் ஜார்ஜ் கிராஸ் வாங்கியவர் உண்டா?

உண்டு. ரோடரிக் கிரே, 172வது ஸ்க்வாட்ரனின் வழிகாட்டி. 1944 ஆகஸ்ட் 27 அன்று அவருடைய வெலிங்டன் விமானத்தை ஜெர்மன் நீர்மூழ்கி சுட்டு வீழ்த்தியது. கிரேவுக்குக் காலில் கடுமையான காயம். தன் சின்ன ரப்பர் படகை ஊதி, காயம்பட்ட விமானியை அதில் ஏற்றினார். பிறகு இன்னொருவரையும் ஏற்றினார். இரண்டு பேருக்கு மேல் தாங்காது என்று தெரிந்து, தான் ஏற மறுத்துத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். இரவில் நினைவிழந்து இறந்தார். அவர் காட்டியது சண்டை முடிந்தபின் கடலில் காட்டிய வீரம், ஆகவே ஜார்ஜ் கிராஸ்.

மால்டாவில் ஆல்பர்ட் ஆஸ்போர்னும் அப்படித்தான். விமானத் தாக்குதல்களுக்கு நடுவே எரியும் விமானங்களிலிருந்து ஆட்களை மீட்டவர், டார்பிடோவைச் செயலிழக்கச் செய்தவர். 1942 ஏப்ரல் 1 அன்று தீயணைக்கும்போது காயம்பட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, குண்டுச் சிதறலில் இறந்தார். குண்டு போட்டது எதிரிதான், ஆனால் அவர் போராடியது தீயோடு. இரண்டு வாரம் கழித்து ஏப்ரல் 15இல் மால்டா தீவு முழுவதற்குமே ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார் மன்னர்.

அப்படியென்றால் கோடு எங்கேதான் இருக்கிறது?

பிக்கின் ஹில் தளத்தைப் பாருங்கள். 1940 ஆகஸ்டில் ஜெர்மன் விமானங்கள் அதைத் துவைத்து எடுத்தன. ஒரு தாக்குதலின்போது சார்ஜென்ட் ஜோன் மார்ட்டிமர் ஆயுதக் கிடங்குத் தொலைபேசியை விட்டு நகரவில்லை. சுற்றிலும் டன் கணக்கில் வெடிமருந்து. தாக்குதல் ஓய்ந்ததாக அறிவிப்பு வரும் முன்பே சிவப்புக் கொடிகளை அள்ளிக்கொண்டு ஓடி, வெடிக்காத குண்டுகளின் பக்கத்தில் ஒவ்வொன்றாக நட்டார், நம் விமானங்கள் அவற்றின்மேல் இறங்கிவிடக் கூடாதே என்று. ஒரு குண்டு அருகிலேயே வெடித்தது. போதும், வா என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனதும், மறுபடி நடத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்தது மிலிட்டரி மெடல், அதாவது போர்முனை விருது. அந்தப் போரில் விமானப்படை மகளிர் ஆறு பேருக்கு அது கிடைத்தது.

அதே தளத்தில் ஆகஸ்ட் 27 அன்று, வெடிக்காத இரண்டு குண்டுகளை அகற்றத் தானாக முன்வந்த ஸ்க்வாட்ரன் லீடர் எரிக் மாக்சி, குண்டு வெடித்து இறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ். ஒருவர் குண்டருகே கொடி நட்டார், இன்னொருவர் குண்டைத் திறந்தார். ஒரே மாதம், ஒரே தளம், அதே எதிரியின் குண்டுகள். தாக்குதல் நடக்கும் நேரமா, அது ஓய்ந்த பிறகா என்பதே இந்த இருவர் விஷயத்தில் அளவுகோலாகத் தெரிகிறது, ஆஸ்போர்னுக்கு அதுவும் பொருந்தவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து விதி எழுதுபவருக்கு இப்படி ஒரு கோடு தேவைதான். களத்தில் இருப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இறந்துபோனவர்களுக்கு ஏன் சின்னப் பதக்கம் எதுவும் கொடுக்கவில்லை?

விதி விடவில்லை. அந்தக் காலப் பிரிட்டிஷ் முறையில் போர்க்களத்தில் இறந்தவருக்கு விக்டோரியா கிராஸ், இல்லாவிட்டால் அறிக்கையில் பெயர் குறிப்பிடுவது. இடையில் எதுவும் கிடையாது. சண்டைக்கு வெளியே என்றால் ஜார்ஜ் கிராஸ், இல்லாவிட்டால் வெறும் பாராட்டுரை. ஜார்ஜ் மெடலை இறந்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று விதி மாறியது 1977இல். விமானப்படைக் கிராஸுக்கு 1979இல். ஆகவே பட்டியலில் இறந்தவர்கள் அதிகம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமானப்படைக் கிராஸ் என்றீர்களே, அது வேறா?

வேறு. 1918 ஜூனில் வந்தது. எதிரிக்கு எதிரான பறப்பில் இல்லாதபோது காட்டிய துணிச்சலுக்கும் கடமைக்கும். அதன் இரட்டைப்பிறவி டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ், எதிரிக்கு எதிரான பறப்புக்கு. முன்னதன் நாடாவில் சிவப்பும் வெள்ளையும் சாய்ந்த கோடுகள், பின்னதில் ஊதாவும் வெள்ளையும். பயிற்சி ஆசிரியர்கள், சோதனை விமானிகள் அதிகம் வாங்கியது முன்னதைத்தான். இதில் பதவி பேதம் இருந்தது: அதிகாரிகளுக்குக் கிராஸ், மற்றவர்களுக்கு மெடல். 1993இல்தான் அதை ஒழித்தார்கள்.

சிறையில் இருந்தவர்கள், உளவாளிகள் எல்லாம் இதில் எப்படி வந்தார்கள்?

எதிரியின் கைக்குள்ளேயே இருந்தவர்கள்தாம், ஆனால் நேருக்கு நேர் சண்டை இல்லை. ஹாங்காங் வீழ்ந்தபோது பிடிபட்ட ஃபிளைட் லெப்டினன்ட் ஹெக்டர் கிரே, முகாமுக்குள் மருந்து கடத்திவந்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஜப்பானியர் சித்திரவதை செய்தும் கூட்டாளிகளின் பெயரைச் சொல்லவில்லை. 1943 டிசம்பர் 18 அன்று சுட்டுக் கொன்றார்கள். அதே ஹாங்காங்கில் அதே ஆண்டு அக்டோபரில் கொல்லப்பட்டவர் ராஜ்புத் படைப்பிரிவின் கேப்டன் மத்தீன் அன்சாரி. தரைப்படை, இந்தியர், அவருக்கும் ஜார்ஜ் கிராஸ்.

நூர் இனாயத் கான் விமானப்படை மகளிர் பிரிவு அதிகாரி. திப்பு சுல்தான் வழிவந்தவர், மாஸ்கோவில் பிறந்தவர். 1943 ஜூனில் பிரான்சில் ரகசியமாக இறக்கப்பட்டார். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர் அவர். அக்டோபரில் பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். ஜார்ஜ் கிராஸ் வந்தது 1949இல்.

அமெரிக்காவில் இதற்கு இணையானது எது?

1926இல் வந்த சோல்ஜர்ஸ் மெடல். எதிரியோடு மோதாத வீரத்துக்கு. அப்போது அங்கே விமானப்படை தரைப்படைக்குள்தான் இருந்தது, அதனால் விமானிகளுக்கும் இதுதான். தனி விமானப்படை 1947இல் பிறந்து, ஏர்மேன்ஸ் மெடல் 1960இல் வந்தது.

ஆனால் அமெரிக்கர்கள் பிரிட்டிஷ்காரர்கள் அளவுக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1945 ஏப்ரல் 12, ஜப்பானை நோக்கிப் போன பி-29 குண்டுவீச்சு விமானம். ரேடியோ இயக்குநர் ஹென்றி எர்வின் பாஸ்பரஸ் புகைக்குண்டைக் குழாய் வழியாக வெளியே தள்ளினார். அது பழுதாகி உள்ளேயே எரிந்து அவர் முகத்தில் பாய்ந்தது. கண் தெரியவில்லை. எரியும் குண்டைக் கையில் எடுத்தார். வழியில் வழிகாட்டியின் மடக்கு மேசை குறுக்கே கிடந்தது. குண்டை உடம்போடு அணைத்துக்கொண்டு மேசையைத் தூக்கிவிட்டு, விமானியின் அறைக்குப் போய் ஜன்னல் வழியாக வீசினார். செய்தது எதிரி அல்ல, பழுது. இருந்தும் கொடுத்தது மெடல் ஆஃப் ஆனர், அமெரிக்காவின் மிக உயர்ந்த போர் வீர விருது. பிழைக்கமாட்டார் என்று நினைத்து, ஹொனலூலுவில் காட்சிக்கு வைத்திருந்த பதக்கத்தை எடுத்துவந்து ஒரே வாரத்தில் குவாமில் அணிவித்தார்கள். அவர் 2002 வரை வாழ்ந்தார்.

நம் நாட்டில் எப்படி?

இங்கேயும் இரண்டு வரிசைகள். எதிரியின் முன்னால் பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா. மற்ற இடங்களில் அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ரா. இரண்டாவது வரிசையை 1952இல் ஏற்படுத்தினார்கள். இப்போதுள்ள பெயர்கள் 1967இல் வந்தவை. விமானப்படைக்கு பரம் வீர் சக்ரா ஒன்றுதான், 1971 போரில் நிர்மல்ஜித் சிங் சேகான்.

விமானப்படையின் முதல் அசோக சக்ரா சுஹாஸ் பிஸ்வாஸுக்கு. 1952 பிப்ரவரி 3, லக்னோவிலிருந்து டெல்லிக்கு ராணுவத் தளபதிகளை ஏற்றிப்போன டெவன் விமானத்தின் இன்ஜினில் தீ. சண்டிலா அருகே வயலில் இறக்கி அனைவரையும் காப்பாற்றினார். இது போர்க்காலம் அல்ல, ஒப்பீட்டுக்காகச் சொன்னேன். இன்னும் அண்மையில், 2020இல் கட்டுப்பாடு இழந்த தேஜஸ் விமானத்தைக் கைவிடாமல் தரையிறக்கிய வருண் சிங் சௌர்ய சக்ரா பெற்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் படுகாயமடைந்து ஒரு வாரத்தில் இறந்தவர் இவர்தான்.

விக்டோரியா கிராஸை எதிரியே இல்லாத இடத்தில் கொடுத்ததே கிடையாதா?

கொஞ்ச காலம் கொடுத்தார்கள். 1858 முதல் 1881 வரை விதி அதற்கு இடம் தந்தது. 1867இல் அந்தமான் தீவுகளில் கொந்தளிக்கும் கடலில் படகு ஓட்டிச் சக வீரர்களை மீட்ட ஐந்து பேருக்குக் கிடைத்தது. பிறகு எதிரியின் முன்னிலை என்று இறுக்கிவிட்டார்கள். அந்த விதி தொடர்ந்திருந்தால் பியர்சன் பெயர் எந்தப் பட்டியலில் இருந்திருக்கும் என்பதை மூன்றாவது கேள்வியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

புறாவுக்குக்கூடப் பதக்கம் கொடுத்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். விலங்குகளுக்கான டிக்கின் மெடல் 1943இல் வந்தது. 1942 பிப்ரவரியில் வட கடலில் விழுந்த போஃபோர்ட் விமானத்திலிருந்து விங்கி என்ற புறா தப்பி, எண்ணெய் படிந்த சிறகோடு ஸ்காட்லாந்தில் டண்டி அருகே உள்ள தன் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தி எதுவும் அதன் காலில் கட்டியிருக்கவில்லை. விமானம் விழுந்த நேரத்தையும் புறா வந்த நேரத்தையும் வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுத் தேடி, நான்கு பேரையும் மீட்டார்கள். முதன்முதலில் அந்த மெடல் வாங்கிய மூன்றுமே விமானப்படைப் புறாக்கள்தாம்.